இரண்டு மூலையில் சிவப்பு

“சாயம் போறது சார், கண்ணைத் திறந்து பாருங்கோ, சிவப்பா...”

“எங்கீங்க போகுது? தண்ணி தெளிவாக் கெடக்குது, மூலைக்கு ஒரு பொட்டு...”

“பொட்டுன்னா? அதுவும் அந்தத் துணியிலேர்ந்துதானே வர்றது?”

“நீலமும் பச்சையும் போட்ட துணியில செவப்பு எங்கிருந்துங்க வரும்? அது கறை! நீங்களே வெத்தலை எச்சிலைத் தெளிச்சிருப்பீங்க!”

“நான் வெத்தலையே போடறதில்லை!”

“இன்னிக்குத்தான் பழகிக்கிட்டீங்களோ என்னமோ!”

துணி விற்றவர் ஒருவர், வாங்கினவர்களின் ஏஜென்ட் ஒருவர், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அப்போதுதான் கீழே கரோல் பாக் தெருவில் ஒரு ஸ்கூட்டர் ரிக்ஷா, எத்தனை உதைத்தும் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிப்பது மாடி அறைக்குக் கேட்டது. தை மாதக் குளிர். டெல்லியில் வண்டியும் மனிதனும் பத்து மணிக்கு முன் கிளம்புவதில்லை.

அறை நடுவில் ஓர் இரும்பு வாளி. வாளியில் சோப்புத் தண்ணீர். தண்ணீரில் அரை முழத் துணி, நீலமும் பச்சையும் கட்டம் கட்டமாக. எதிரெதிர் மூலைகளில் மட்டும் நகக்கண் அளவுக்கு இரண்டு சிவப்புப் பொட்டுகள்.

சாந்தகுமாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள்ளே யாரோ கதவைத் தட்டினாற் போல இருந்தது. அவள் எழுந்து போய்த் திறக்கவில்லை. கார்த்திகையிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். வெளியே நடப்பதெல்லாம் நடந்தது, உள்ளே வந்து சேரத்தான் வழி தெரியவில்லை. கணவரின் பழுப்பு ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஆறிப்போன டீயை, ஆறிவிட்டது என்பது கூடத் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்றான் பூவராகவன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். துப்பறியும் தொழிலில் அவளுக்கு வலது கை, வாயில் இரண்டு வலது கை. “சாயம் போகலைன்னு பஞ்சாயத்து வச்சது உலகத்துலயே இதுதான் முதல் தடவை. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அந்த ஜெர்மன்காரங்களுக்கு மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுவாங்க.”

விஷயம் அவ்வளவுதான். ரத்தினவேல், கீழே கடையும் மேலே இந்த மாடியும் சொந்தமாக உள்ளவர், ஈரோட்டுப் பக்கத்துக் கைத்தறித் துணியை ஜெர்மனிக்கு விற்கிறவர். அங்கே ஹாம்பர்க்கில் வாங்குகிறவர்களுக்குச் சாயம் போகிற துணிதான் வேண்டும். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு நிறம் காட்டுமாம், அது அங்கே மோஸ்தர். அந்தக் கம்பெனிக்கு டெல்லியில் ஏஜென்ட், வெங்கடராமன். போன வருஷம் ஒப்பந்தம் போட்டபோது ஒரே துணியில் மூன்று துண்டு வெட்டி, மூன்று பையில் தைத்து, அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒன்று வாங்குகிறவனுக்கு. ஒன்று விற்கிறவனுக்கு. மூன்றாவது, இருவருக்கும் பொதுவான ஒரு மனிதரின் அலமாரிக்கு.

சரக்கு கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது. துவைத்துப் பார்த்தார்கள். சாயம் கல்லு மாதிரி நின்றது. மாதிரியும் சரக்கும் வேறு வேறு என்று ஹாம்பர்க் சொல்லிற்று. ஹாம்பர்க் கையில் இருக்கிற மாதிரிதான் போலி, வழியில் வெங்கடராமன் மாற்றிவிட்டார் என்று ரத்தினவேல் சொன்னார். இனி மூன்றாவது பைதான் பேச வேண்டும்.

“கப்பல் விளிம்பைத் தாண்டிப் போச்சுங்க!” ரத்தினவேல் மறுபடி ஆரம்பித்தார். “தாண்டிட்டா அப்புறம் சரக்கு அவங்க பாடு. ஊரு ஒலகத்துச் சட்டம் அது.”

“நல்ல சரக்கா இருந்தா அவா பாடு. மாதிரிக்கு ஒவ்வாத சரக்கை நீங்க எந்த விளிம்பைத் தாண்டி அனுப்பினாலும் அது உங்க பாடு. ஜெர்மன் சட்டத்துல...”

“ஜெர்மன் சட்டத்தைக் கொண்டுபோய் ஜெர்மனியில பேசுங்க. ஒப்பந்தத்துல இந்தியச் சட்டம்னு போட்டிருக்குது!”

“இந்தியச் சட்டமும் அதைத்தான்யா சொல்றது!”

“வியன்னாவுல உக்காந்து உலகத்துக்கே பொதுவா ஒண்ணு எழுதியிருக்காங்களாமே?” என்று பூவராகவன் நடுவில் புகுந்தான். “அதையாவது கேப்போம்.”

“நம்ம தேசம் அதுல கையெழுத்தே போடலை,” என்றார் வெங்கடராமன். “அது இன்னும் அமலுக்கும் வரலை.”

“அப்ப கிடக்கட்டும். அமலுக்கு வந்த சட்டத்தையே நாம யாரும் மதிக்கிறதில்லை.”

காலையில் மத்தியஸ்தர் சாவ்லா சாகிப் நேரில் வந்து, மூன்றாவது பையின் முத்திரையைச் சோதித்து, தம் கையாலேயே உடைத்து, சலவை சோப்பு போட்டு வாளியில் முக்கிவிட்டுப் போயிருந்தார். முத்திரை பிசகாமல் இருந்தது. சாயம் போகவில்லை. ‘ஈரத்துணியை நான் ஃபைலில் வைக்க முடியாது பெஹன்ஜி, காய வைத்து நாளைக் காலையில் கொண்டு வாருங்கள், தீர்ப்பை அங்கே சொல்கிறேன்’ என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். தீர்ப்பு என்ன என்பது அவர் முகத்திலேயே இருந்தது. நாளைக்கு அதை அவர் வாயால் சொன்னவுடன், மாதிரியை மாற்றினவர் என்று வெங்கடராமன் மேல் போலீஸில் புகார் எழுதித் தர ரத்தினவேல் தயாராக இருந்தார். ஹாம்பர்க்காரர்களும், அப்படியானால் அந்த ஆளை நாங்கள் அறியோம் என்று சொல்லியாகிவிட்டது.

வெங்கடராமன் வாளி ஓரம் குந்தி உட்கார்ந்தார். “மேடம், நான் பையைத் தொடவே இல்லை. உங்க ஆத்துக்காரர் முத்திரை வச்சுக் கொடுத்ததை அப்படியே ஏர்மெயில்ல போட்டேன். நாளைக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு போலீஸ் வந்தா, என் பெண்டாட்டி ஆபீஸ் ஜனம் பூரா பால்கனியில நின்னு பார்க்கும்.”

“காலையில சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள் சாந்தகுமாரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மூணு நாளா எதுவும் இறங்கலை மேடம்.”

அவள் தலையசைத்தாள். அவளையும் இப்படித்தான் எல்லோரும் கேட்டார்கள். என்ன பதில் சொன்னாள் என்று நினைவில்லை.

மூன்றாவது பையை வைத்திருந்த பொது மனிதர் அவளுடைய கணவர், வக்கீல் பாலசுப்ரமணியம். ஏற்றுமதிக்காரர்கள் பாதிப் பேருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர். ‘வாங்கறவன் ஒரு நாடு, விக்கறவன் ஒரு நாடு, நடுவுல கடல். கடல்ல சட்டம் நிக்காது சாந்தா. ரெண்டு பேரும் நம்பறது என் அலமாரியைத்தான்’ என்பார். அந்த அலமாரி இதோ சுவரோரம் நிற்கிறது. அவர்தான் இல்லை.

“நான் கெளம்பறனுங்கம்மா.” ரத்தினவேல் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். குரல் குழைந்தது. “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. இந்தாளு கத்தறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஐயா காரியத்தன்னிக்குச் சொன்னதுதானுங்க, இந்த மாடி உங்க ஆயுசுக்கும் உங்களுது. யாரும் எறங்குன்னு சொல்ல மாட்டாங்க.”

“சொன்னீங்க,” என்றாள்.

இருவரும் போனார்கள். படியிலும் சண்டை தொடர்ந்து இறங்கிற்று.

பூவராகவன் துணியை வாளியிலிருந்து தூக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தான். கொடியில் போடப் போனவன் நின்றான்.

“அக்கா.” வெளியாள் இல்லாதபோது அவனுக்கு அவள் அக்கா. “சிவப்பைக் காணோம்.”

அவள் எழுந்து வந்தாள். சிவப்பு இருந்த மூலைகளில் இப்போது மங்கலான மஞ்சள் இருந்தது. பச்சைக் கட்டத்தின் மேல் விழுந்திருந்ததால், தேடினால்தான் தெரியும்.

“இது என்ன சினிமாவா, சீனுக்கு சீன் கலர் மாத்தறதுக்கு? அந்த வெங்கடராமனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சிவப்புதான். அதுவும் பல்டி அடிச்சிருச்சு.”

“அந்தச் சோப்பை எடு.”

அவன் எடுத்துத் தந்தான். ஒரு மூலையில் லேசாகத் தேய்த்தாள். சிவந்தது. தண்ணீர் விட்டாள். மஞ்சளாயிற்று.

“ஆரத்தி கரைச்சுப் பார்த்திருக்கியா நீ?”

“அடிச்சுப் பிடிச்சு முன்னால நின்னிருக்கேன். கரைச்சதில்லை.”

“மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பைப் போட்டா சிவக்கும். சலவை சோப்பு பட்டாலும் அப்படித்தான். கழுவினாப் பழையபடி மஞ்சள்.” கையைத் துடைத்துக்கொண்டாள். விரல்நுனியில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இரண்டு மாதமாக அவள் சமையலுக்கு மட்டும்தான் மஞ்சளைத் தொடுகிறாள். “புதுத் துணி எடுத்தா மூலையில மஞ்சள் வைப்பாங்க, நம்ம பக்கத்துல.”

பூவராகவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் விளையாட்டு குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

“இருங்க, இருங்க. மூணு துண்டும் வெட்டினப்ப நானும் இங்கே இருந்தேன். அதோ அந்த மேஜை மேல. வெட்டினாங்க, பையில போட்டாங்க, தைச்சாங்க, அரக்கு வச்சாங்க. ஒருத்தரும் மஞ்சள் வைக்கலை. ஏற்றுமதிச் சரக்குக்கு யாரு மஞ்சள் வைப்பா, கல்யாணமா பண்ணிக் கொடுக்கறோம்?”

“ம்.”

“அப்ப இது அந்தத் துண்டே இல்லை. பின்னால எவரோ பையைப் பிரிச்சு, சாயம் போகாத வேற புதுத்துணியை வெட்டி உள்ளே வச்சிருக்காங்க. வைக்கும்போது கை பழக்க தோஷம், புதுத்துணியாச்சேன்னு ரெண்டு பொட்டு மஞ்சள்! திருடப் போற வீட்டு வாசல்ல செருப்பை வரிசையா விட்டுட்டுப் போன மாதிரி!” அவன் துள்ளி எழுந்தான். “ஹாம்பர்க்ல இருக்கறதுதான் அசல். சரக்கை மாத்தி அனுப்பினது ரத்தினவேல். சரக்குக்குத் தகுந்த மாதிரி மாதிரியையும் மாத்தியாச்சு. வெங்கடராமன் பாவம், பச்சைப்பிள்ளை.”

“முத்திரை?”

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

பித்தளை முத்திரை. ‘பா’ என்ற ஒற்றை எழுத்து. கணவரின் சாவிக்கொத்தோடு கோத்திருந்தது. அவர் இருந்தவரை அவர் இடுப்பில். அதற்கப்புறம் அவளிடம்.

“ஐயா போன அந்தப் பத்து நாள்,” என்றான் பூவராகவன் மெதுவாக. “வீடு பூரா ஜனம். சாவிக்கொத்து எங்கே கிடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லை.”

“யாரு யாரு உள்ளே வந்து போனாங்கன்னு?”

“இல்லை பூவராகா. ஒண்ணும் இல்லை.”

“எனக்கு இருக்கு. ரத்தினவேல் சம்சாரம் காமாக்ஷி. அடுப்படியே அவங்க கையிலதான் இருந்தது. சாவி எடுக்க அரை நிமிஷம், துணி மாத்த கால் மணி. வீட்டுக்காரர் சொன்னார், அந்தம்மா செஞ்சாங்க. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிற கை பொம்பளைங்க கைதானே?”

அவள் துணியைக் கொடியில் காயப் போட்டாள். பொழுது சாய்ந்ததும் சால்வையை எடுத்துக்கொண்டாள். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

ரத்தினவேல் வீடு இரண்டு சந்து தள்ளி. வாசலில் ஒருத்தன் வேர்க்கடலை வண்டியில் சின்னப் பானையில் தணல் போட்டுக் கடலைக் குவியலின் மேல் வைத்திருந்தான். பூவராகவன் நாலணாவுக்கு வாங்கிப் பாதியை அவள் கையில் கொட்டினான். சுடுகிறது என்றான். அவளுக்குச் சுடவில்லை.

“ஆயியே ஆன்ட்டி, உள்ள வாங்க, பைட்டியே!” காமாக்ஷி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசினால் பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்துவிடும். “ரொம்ப டண்ட் இல்ல, குளிர்? நான் சாய் போடறேன்.”

கூடத்தில் புதுக் கலர் டி.வி. ஏஷியாட் விளையாட்டுப் பார்க்க வாங்கினது, தலையில் பூப்போட்ட துணி போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“மூடி வச்சாலும் கலர் தெரியுதுங்க,” என்றான் பூவராகவன். பிறகு நேரே தொடங்கினான். “ஒரு சந்தேகம். புதுத்துணிக்கு மூலையில மஞ்சள் வைப்பாங்கல்ல, அது எந்த மூலையில வைக்கணும்?”

“மஞ்சள்னா... ஹல்தி?” காமாக்ஷி விழித்தாள். “துணியில எதுக்கு ஹல்தி? சப்ஜியிலதானே போடுவாங்க?”

“உங்க வீட்டுல வைக்கிற வழக்கம் இல்லையா?”

“இல்லையே. எனக்கு அதெல்லாம் தெரியாது பாய்சாப். இவங்கம்மா இருந்தா செய்வாங்களோ என்னமோ, அவங்க ஊர்ல இருக்காங்க.” சட்டென்று நினைவு வந்து சிரித்தாள். “அரே, ஆமா! ஒரு வாட்டி பார்த்தேன். அங்கிள் செஞ்சாரு!”

“எந்த அங்கிள்?”

“நம்ம அங்கிள்தான், ஆன்ட்டி. உங்க அங்கிள். தீபாவளிக்கு எங்க பையன் சோட்டுவுக்கு ஷர்ட் குடுத்தாரு. நான் பார்த்துட்டு, அச்சச்சோ புது ஷர்ட்ல தாக் ஆயிடுச்சேன்னேன். அவர் ஒரே சிரிப்பு. ‘அழுக்கில்லம்மா, மஞ்சள். ஒரு மூலை துணிக்கு, ஒரு மூலை கட்டிக்கிறவங்களுக்கு’ன்னாரு. ரெண்டு மூலையிலயும் வச்சிருந்தாரு. இப்படி, ஆமனே சாமனே.” விரலால் எதிரெதிரே இரண்டு புள்ளி வைத்துக் காட்டினாள்.

கூடத்தில் டி.வி. போடாமலே எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது போலப் பூவராகவன் உட்கார்ந்திருந்தான்.

அவளே கேட்டாள். “காமாக்ஷி, அவர் போன பத்து நாள்ல என் சாவிக்கொத்து எங்கே இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?”

காமாக்ஷியின் சிரிப்பு இறங்கியது. “உங்க கையிலதான் ஆன்ட்டி. குளிக்கும்போதுகூட. யாரோ வாங்கப் பார்த்தாங்க, நீங்க விரலைப் பிரிக்கவே இல்லை. ஒரு கையை முட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான்தான் தயிர் சாதம் ஊட்டினேன். உங்களுக்கு யாத் இல்லையா?”

“இல்லை.”

“நல்லதுதான் ஆன்ட்டி. சாய் எடுத்துட்டு வரேன்.”

டீ வருமுன் ரத்தினவேல் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினவர் அவர்களைப் பார்த்ததும் ஒரு செருப்போடு நின்றார்.

“என்னங்கம்மா, சொல்லியனுப்பியிருந்தா நானே...”

“பையை மாத்தச் சொல்லி அவரை எப்ப கேட்டீங்க?”

“எவரைங்க?”

“கடை மூடற நேரமாச்சு ரத்தினவேல் அண்ணாச்சி,” என்றான் பூவராகவன். குரல் வறண்டிருந்தது. “நல்ல சரக்கை முதல்ல எடுத்துப் போடுங்க.”

ரத்தினவேல் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தறிக்காரங்க துணி தரலீங்க. கப்பல் நிக்குது. கெடு தாண்டினா ஒப்பந்தமே போச்சுங்க. வெசைத்தறியில அதே கட்டத்துல போட்டு அனுப்பிச்சுட்டேன், சாயம் கெட்டிச் சாயம். சாயம் போகாத துணிக்கு ஒருத்தன் சண்டைக்கு வருவான்னு நான் கண்டனா? அவங்க எழுதினப்புறந்தானுங்க ஐயாகிட்ட வந்து அழுதேன். ‘எறங்கிப் போ’ன்னுட்டாருங்க. சத்தியமா. ‘என் அலமாரியில கை வைக்கிற பேச்சை இந்தப் படியிலயே விட்டுட்டுப் போ’ன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு நாளு... ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா கடைக்கு வந்தாருங்க. நெஞ்சுப் படம் எடுத்தது கையில இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னாரு. உக்காரவே இல்லீங்க. ஒரே கேள்விதான் கேட்டாரு. ‘நான் போனப்புறம் அவளை மாடியிலிருந்து எறக்குவியா?’”

சமையலறையில் டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

“நான் எறக்க மாட்டேன்னேனுங்க. ‘துணியைக் குடு’ன்னாரு.”

சாந்தகுமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வருமோ என்று காத்துப் பார்த்தாள். யாருக்கோ வரவேண்டிய பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நிற்பது போலிருந்தது. வரவில்லை.

“அம்மா.” ரத்தினவேல் கை கூப்பினார். “வெளிய சொன்னா எனக்குக் கெடுதல்தான், இல்லேங்கல. ஆனா ஐயா பேரு? டெல்லியில அந்தப் பேரை நம்பித்தான் பாதி வியாபாரம் நடந்துச்சுங்க. செத்தவரு வந்து மறுத்துப் பேசுவாரா? நீங்க நாளைக்குத் துணியைக் கொண்டுபோய்க் குடுத்தாப் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்த மாடி உங்களுது.”

“டீ வேண்டாம்னு காமாக்ஷிகிட்ட சொல்லிடுங்க,” என்றாள் சாந்தகுமாரி.

திரும்பி வருகிற வழியெல்லாம் பூவராகவன் கடலைப் பொட்டலத்தை வெறுமனே கையில் கசக்கிக்கொண்டு வந்தான். மாடிப்படி ஏறி, விளக்கைப் போட்டு, கொடியில் காய்ந்திருந்த துணியை எடுத்து மேஜை மேல் விரித்தான்.

“அக்கா, ரத்தினவேல் சும்மா அளக்கலாம். ஷர்ட்டைக் காமாக்ஷி பார்த்தது தற்செயலா இருக்கலாம். ரெண்டு பொட்டு வைக்கிறவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்கலாம்.”

அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் பழைய ஃபைல்களுக்குப் பின்னாலிருந்து ஒரு புடவையை எடுத்தாள். அரக்குச் சிவப்பு, மெல்லிய சரிகை. இந்தத் தையில் வருகிற கல்யாண நாளுக்கு அவர் முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைத்தது. அவர் போனபின், வேறு எதையோ தேடியபோது கிடைத்தது. மடிப்பு கலையவில்லை. இனிக் கலையவும் போவதில்லை.

முந்தானையை மட்டும் பிரித்து, மாதிரித் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மூலையில் மஞ்சள். எதிர் மூலையில் மஞ்சள். அளவும் அதேதான், மோதிர விரலின் நுனி அளவு. இரண்டிலும் பொட்டின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இழுபட்டிருந்தது. வைத்த கை ஒன்றுதான்.

பூவராகவன் இரண்டையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“காலையிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.”

“தெரிஞ்சுது.”

“அப்ப எதுக்கு என்னைச் சந்து சந்தா நடக்க வச்சீங்க?”

“வேற யாராவது வச்சிருப்பாங்களோன்னு பார்த்தேன்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். குளிர் என்றான். அவள் ஆமாம் என்றாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? அந்த வெங்கடராமனுக்கு நல்ல வக்கீலாப் பிடிச்சுக் கொடுப்போம். மஞ்சள் கதையை மட்டும் சொல்லுவோம், யார் கைன்னு சொல்ல வேண்டாம். யாரோ திருடன்னு போகட்டும்.”

“முத்திரை பிசகாம இருக்கே. சாவ்லா சாகிப் கேப்பார். சாவி யார்கிட்ட இருந்ததுன்னு. திருடன் இல்லைன்னா அவர், அவர் இல்லைன்னா நான்.”

“இந்த மாடி?”

“இறங்கணும்.”

“எங்கே போவீங்க?”

“நீ எங்கே போவியோ அதைச் சொல்லு முதல்ல. உன் உத்தியோகமும் இந்த மாடியிலதானே இருக்கு.”

“எனக்கென்ன, ஜந்தர் மந்தர்ல உக்காந்து ஜோசியம் சொல்லிப் பிழைச்சுக்குவேன். நடந்ததைச் சொன்னாத்தான் ஜனங்களுக்குப் பிடிக்காது, நடக்கப் போறதைச் சொன்னாக் கூட்டம் வரும்.” சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. “ஐயா உங்களுக்காகத்தான் பண்ணியிருக்கார் அக்கா. அதையாவது நினைச்சுப் பாருங்க.”

“நினைச்சுப் பார்த்தேன். அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பறது எப்படின்னும் பார்த்தேன்.” புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். “எனக்கு அது வரலை. அழுகைகூட வரலை, அதுவும் வரலை. வெங்கடராமன் வீட்டு நம்பரைச் சுத்து.”

பூவராகவன் போனை இழுத்து வைத்துக்கொண்டு நம்பரைச் சுற்றினான். ஒவ்வொரு எண்ணுக்கும் சக்கரம் திரும்பி வருகிறவரை காத்திருந்தான். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. கீழே ரத்தினவேல் கடையின் ஷட்டரை யாரோ கடகடவென்று இறக்கினார்கள்.

ரிசீவரை அவளிடம் நீட்டினான். எதிர்முனையில் மணி நெடுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஹலோ இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. போலீஸோ என்று பயந்து எடுத்த மூச்சு.

அவள் ஒரு கையால் துணியின் மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெங்கடராமன், மாதிரியை மாத்தினது என் வீட்டுக்காரர். நாளைக்கு சாவ்லா சாகிப் முன்னால நானே வந்து சொல்றேன். நீங்க எழுந்து போய் ரெண்டு வாய் சாப்பிடுங்க.”